பிஸ்டனுக்கு யார் சோறு போட்டது?

போன வாரம் தண்ணீர் கேன் போடும் தனசேகரை வாசலிலேயே நிறுத்திவைத்துக் கத்திவிட்டேன். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், துணியை அப்படியே விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள். பார்க்கட்டும்!

அப்படி என்ன சொல்லிவிட்டார் மனுஷன்? தோளிலிருந்து கேனை இறக்கினார். போர்டிகோவில் படுத்திருந்த நாயைப் பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

"இன்னாமா, நாய்க்குச் சோறே போட்றதில்லியா? எப்டி இருந்த நாய்! சும்மா கன்னுக்குட்டி கணக்கா இருந்துச்சு. இப்போ இப்டி இளைச்சுப்போய்க் கீது... பாவம்மா."

கடைசி வார்த்தையைக் கவனித்தீர்களா? பாவம். அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறுகிறது. காரணம் இருக்கிறது. கேட்டுவிட்டு, நான் கத்தியது சரியா தப்பா என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் வீடு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பிள்ளைப்பாக்கம் போகும் வழியில் ஒரு லே-அவுட்டில் இருக்கிறது. கீழே நானும் என் வீட்டுக்காரரும். அவர் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷம் அடுத்தவன் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கிய மனுஷன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாடியில் மூன்று பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். இசக்கிக்குத் திருநெல்வேலிப் பக்கம், கார்த்திக்குக்கு மதுரைப் பக்கம், செல்வத்துக்கு ராமநாதபுரம். மூன்று பேருக்கும் ஒரகடத்தில்தான் வேலை, ஆனால் வேறு வேறு கம்பெனி. ஒருத்தனுக்கு ஏ ஷிஃப்ட் என்றால் இன்னொருத்தனுக்கு பி ஷிஃப்ட், மற்றவனுக்கு சி ஷிஃப்ட். மூவரும் ஒன்றாகக் கண் விழித்திருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதுவும் ஓ.டி. இல்லாவிட்டால்!

இந்தப் பையன்கள் ஒருநாள் அட்டைப்பெட்டியோடு என் முன்னால் வந்து நின்றார்கள். உள்ளே இரண்டு மாத லேப்ரடார் குட்டி. வெண்ணெய் நிறம். என் பர்மிஷனைக் கேட்பதற்கு முன்பே பெயர் வைத்தாகிவிட்டது — பிஸ்டன்.

"ரூமுக்கு வந்தா பேச ஆளில்ல ஆன்ட்டி. எவன் இருந்தாலும் தூங்கிக்கிட்டுல்ல இருக்கான்" என்றான் கார்த்திக்.

இதற்கு மேல் நான் எப்படி முடியாது என்பேன்?

மூன்றாம் மாதம் என் செருப்பு போனது. நான்காம் மாதம் பால் பல் விழ ஆரம்பித்தது. இசக்கி ஒரு பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து, பிள்ளை பெற்றவன் போலக் காட்டினான். ஐந்தாம் மாதம் காலும் காதும் முன்னே ஓட, உடம்பு பின்தங்கி, பார்க்கவே சிரிப்பாக இருந்தது. இதுவரை எல்லாம் சரி. அதற்கப்புறம் அந்த நாய் நீளமாக வளர்வதைக் குறைத்துக்கொண்டு அகலமாக வளர ஆரம்பித்தது.

தெருவுக்கே சந்தோஷம்! பால்காரர் நின்று பார்த்துவிட்டுப் போவார். பக்கத்து மனையில் வீடு கட்டும் மேஸ்திரி, "இது நாயா, சிங்கமா?" என்பார். தனசேகர் தினமும் கன்னுக்குட்டி என்பார். பையன்களுக்குக் காலரே நிமிர்ந்துவிட்டது.

நம் ஊர் புத்தி இது. குழந்தை கொழுகொழு என்று இருந்தால் கன்னத்தைக் கிள்ளுவோம். ஒல்லியாக இருந்தால் அதன் அம்மாவை ஒரு பார்வை பார்ப்போம். கல்யாண மண்டபத்தில் பல வருஷம் கழித்துச் சந்திக்கிறவரிடம் நம்முடைய முதல் வாக்கியம் என்ன? "என்ன இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?" சுகருக்குப் பயந்து அவர் தினமும் விடியற்காலையில் எழுந்து நடந்து, சோற்றைக் குறைத்து, வாயைக் கட்டி இளைத்திருப்பார். சொன்னால் நம்புவோமா? மாட்டோம். ஏதோ வியாதி, மறைக்கிறார் என்று பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் கிசுகிசுப்போம். நம் கண்ணுக்குக் கொழுப்புதான் ஆரோக்கியம். அதில் மனுஷனென்ன, நாயென்ன?

ஏழாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிஸ்டன் மாடிப்படியில் பாதி ஏறியது. உட்கார்ந்துவிட்டது. பின்னங்காலைத் தூக்கப் பார்க்கிறது, முடியவில்லை. கார்த்திக் முன்னால் நின்று இழுக்கிறான், செல்வம் பின்னால் நின்று தள்ளுகிறான். அது இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து வாலை மட்டும் ஆட்டியது. ஆட்டோவைக் கூப்பிட்டு, நாயையும் மூன்று பையன்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டு டவுனில் இருக்கும் கால்நடை டாக்டரம்மாவிடம் போனேன்.

எடை மிஷின் முப்பத்தாறு கிலோ காட்டியது. இந்தக் கார்த்திக் என்ன செய்தான் தெரியுமா? பல்லைக் காட்டிக்கொண்டு அந்த நம்பரை ஃபோனில் படம் பிடித்தான்!

"எடுத்தாச்சாப்பா?" என்றார் டாக்டரம்மா. "நல்லா எடுத்துக்கோ. இது முழுசா வளர்ந்து முடிச்ச பெரிய ஆண் லேப்ரடாருக்கு இருக்கிற எடை. உன் நாய்க்கு வயசு ஏழு மாசம். இருபத்தஞ்சு கிலோ பக்கத்துல இருந்தா தாராளம்."

கார்த்திக் ஃபோனைப் பாக்கெட்டில் போட்டான்.

டாக்டரம்மா நிறுத்தவில்லை. "லேப் முதல் ஆறு மாசம் கிடுகிடுன்னு வளரும். அப்புறம் வேகம் குறையும். ஒரு வயசுல உயரம் கிட்டத்தட்ட நின்னுடும். நெஞ்சும் தோளும் நிரம்பி முழு நாயா ஆகறதுக்கு ஒன்றரை, ரெண்டு வயசாவது வேணும். வளர்ந்து முடியற வரைக்கும் எலும்போட முனையெல்லாம் குருத்தெலும்புதான். இன்னும் இறுகாத தூண் மேல தண்ணி டேங்க்கை ஏத்தி வெச்சிருக்கீங்க நீங்க. யாரு இதுக்குச் சாப்பாடு வைக்கிறது?"

"நான்தான்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துக்கொண்டார்கள்.

"எத்தனை வேளை?"

"ரெண்டு வேளை டாக்டர். போறதுக்கு முந்தி ஒண்ணு, வந்தப்புறம் ஒண்ணு" என்றான் கார்த்திக். "நானும் அப்படித்தான் வைக்குதேன்" என்றான் இசக்கி. செல்வம் வாயே திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

அதாவது, தினமும் ஆறு வேளை! ஒவ்வொருத்தனும் மற்ற இருவரும் அசதியில் தூங்கிவிட்டார்கள், நாய் பட்டினி என்று நினைத்திருக்கிறான். இதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமை சிக்கன், வாங்கி வரும் பிரியாணியில் பங்கு, முட்டை, எலும்பு பலமாகட்டும் என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிய கால்சியம் சிரப். அந்தச் சிரப்பைக் கேட்டதும் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "குட்டி நாய்க்கான தீனியிலேயே அது அளவா இருக்கு. பெரிய ஜாதிக் குட்டிக்கு அதுக்கு மேல ஊத்தினா எலும்பு கோணிக்கும்."

பிஸ்டன் லேசுப்பட்டதா? லேப்ரடாருக்கு வயிறு நிறைந்தது என்று மூளை சொல்வதே அபூர்வமாம். தெருமுனையில் கம்பெனி பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் போதும், தட்டைக் கவ்விக்கொண்டு வாசலில் நிற்கும். கண்ணைப் பார்த்தால் பிறந்ததிலிருந்து ஒரு பருக்கைகூட உள்ளே போகாதது போல இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று பஸ், மூன்று நாடகம், மூன்று ஏமாளிகள்.

எனக்கு நாயின் மேல் கோபமில்லை. அதற்குத் தெரிந்தது பசி ஒன்றுதான். இவன்கள் மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனியில் ஒரு மிஷின் கொஞ்சம் முனகினால்கூட அடுத்த ஷிஃப்ட்காரனிடம் சொல்லிவிட்டுத்தானே பஸ் ஏறுகிறார்கள்? இரும்புக்கு ஹேண்டோவர் உண்டு. உயிருக்குக் கிடையாதா? டாக்டர் ரூம் என்றும் பார்க்காமல் கேட்டேன்.

"பின்னங்கால் மூட்டு ரெண்டுலயும் வலி இருக்கு" என்றார் டாக்டரம்மா. "இப்போ எடை இறங்கினா தேறிடும். எலும்பு இறுகற வரைக்கும் இப்படியே விட்டீங்கன்னா ஆயுசுக்கும் நொண்டிதான். பட்டினியும் போடாதீங்க, வளர்ற நாய். அளவு சொல்றேன், அதை மட்டும் வைங்க. நான் சொல்ற வரைக்கும் மாடிப்படி கூடவே கூடாது."

அப்புறம் எங்கள் கையைப் பிடித்து நாயின் விலாவில் வைத்துக் காட்டினார். லேசாகத் தடவினாலே எலும்பு தட்டுப்பட வேண்டுமாம். மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டுமாம். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு மேலேறி இருக்க வேண்டுமாம். பிஸ்டனிடம் எங்கே தொட்டாலும் தலையணை.

"எலும்பு கைல தட்டுனா, நாயைப் பட்டினி போட்டுட்டாய்ங்கன்னு சொல்லுவாய்ங்களே டாக்டர்?" என்றான் கார்த்திக்.

"சொல்றவங்களா வந்து நாளைக்கு இதைத் தூக்கிக்கிட்டு நடக்கப்போறாங்க?"

அன்றிலிருந்து பிஸ்டனுக்கு ஜாகை எங்கள் போர்டிகோ. இசக்கிதான் வழி சொன்னான். அவன் லைனில் பாகங்கள் டப்பாவில் வரும். டப்பா காலியென்றால் காலிதான், அடுத்தது வரும்வரை யாரும் கை வைக்க முடியாது. அதேபோல ஒரு நீல டப்பா வாங்கி வந்து போர்டிகோ கம்பியில் தொங்கவிட்டான். காலையில் அன்றைய தீனி முழுவதையும் அளந்து அதில் போட்டுவிட வேண்டும். யார் வந்தாலும் அதிலிருந்து அந்த வேளைப் பங்கை மட்டும்தான் எடுக்க வேண்டும். டப்பா காலியானால் பிஸ்டன் என்ன நாடகம் ஆடினாலும் அசையக் கூடாது.

நல்ல ஏற்பாடு. எனக்கே பிடித்தது. மூன்று வாரம் கழித்து எடை பார்த்தோம். அரைக் கிலோ ஏறியிருந்தது!

டாக்டரம்மா எங்களை ஏறிட்டுப் பார்த்த பார்வை இருக்கிறதே... ஆட்டோவில் திரும்பும்போது நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் திறந்தேன். "மூணு பேர்ல எவன் அது? திருட்டுத்தனமா எவன் போடுறான்? அடுத்த தடவை எடை இறங்கலைன்னா நீங்க மாடியை விட்டு இறங்கிடுங்க. வீட்டைக் காலி பண்ணுங்க!"

"சத்தியமா நான் இல்ல ஆன்ட்டி" என்றான் கார்த்திக்.

"நாங்க வைக்கல ஆன்ட்டி. நீங்க நம்பலன்னா நாங்க என்ன செய்ய?" என்றான் இசக்கி. செல்வம் பிஸ்டன் பக்கத்தில் உட்கார்ந்து அதன் காலை அமுக்கிக்கொண்டே இருந்தான்.

என் வீட்டுக்காரர் என் பின்னால் நின்று தலையாட்டினார். "நல்லாக் கேளு" என்றார். அதோடு விட்டாரா? தொண்டையைச் செருமிக்கொண்டு பையன்களுக்கு ஒரு லெக்சரும் கொடுத்தார். "ஒரு டிஃபெக்ட் வந்துச்சின்னா சும்மா வுடக் கூடாதுப்பா. ரூட் காஸ் இன்னான்னு புடிக்கணும். எங்க காலத்துல அதுக்கு ஒரு வாரம் தூங்கமாட்டோம்."

அடுத்த வாரம் நான் ஸ்ரீபெரும்புதூர் பேங்க்குக்குக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு தாண்டும்போதுதான் பாஸ்புக்கை டிவி மேல் வைத்துவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பினேன். கேட்டைத் திறக்கும்போதே போர்டிகோவில் பேச்சுக் குரல்.

"துன்றா ராஜா... துன்னு. அவ கெடக்குறா."

எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் என்னுடைய எவர்சில்வர் கிண்ணம். அதில் தயிர்சாதம். உருண்டை பிடித்து, ஊட்டிக்கொண்டிருக்கிறார்! பக்கத்தில் பட்டர் பிஸ்கெட் பாக்கெட். அது ஒன்று நாய்க்கு, ஒன்று அவருக்கு. சுகர் மாத்திரை போடுகிற மனுஷன்!

எனக்குக் கோபம் வந்தால் முதலில் போவது 'ங்க'.

"இன்னாய்யா பண்ற?"

கிண்ணம் கீழே விழுந்தது. பிஸ்டன் அதை நக்கிச் சுத்தம் செய்தது.

"இன்னாமா இப்போ... ஒரு புடி சோறுதானே? பசங்க டப்பால அளந்து அளந்து வெச்சுட்டுப் போய்ட்றானுங்க. அது மூஞ்சைப் பாரு, எப்டிப் பாக்குது... பாவமா இருக்காதா எனக்கு?"

கேட்கக் கேட்க வெளியே வந்தது. காலையில் நான் குளிக்கப் போகும்போது இட்லி. பதினொரு மணிக்குத் தயிர்சாதம். சாயங்காலம் டீயோடு பிஸ்கெட். நாய் கீழே வந்த நாளிலிருந்து! ஏ, பி, சி என்று மூன்று ஷிஃப்ட்டை நிறுத்திவைத்து விசாரித்தேனே... என் வீட்டிலேயே ஜெனரல் ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது!

பாவம் என்றாரே, அதுதான் என்னை எரித்தது. யாருக்குப் பாவம்? கால் வலியோடு படுத்திருக்கும் நாய்க்கா? இல்லை, அதன் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்ட இவருக்கா? கொடுக்கும்போது அது வாலை ஆட்டும். அந்த வாலாட்டல் இவருக்குச் சுகம். வலி அதற்கு, சுகம் இவருக்கு. இதற்குப் பெயர் பாவம் பார்ப்பதா? பார்வை மங்கும்வரை தாத்தாவுக்கு லட்டு கொடுப்பதும், பல் சொத்தையாகும்வரை பேரனுக்கு சாக்லேட் கொடுப்பதும் இந்த ரகம்தான். முடியாது என்று சொல்லத் துப்பில்லை. அதற்கு அன்பு என்று ஒரு பெயர் வேறு!

"மேலே போங்க. பசங்ககிட்ட நீங்களே சொல்லுங்க" என்றேன். 'ங்க' திரும்பி வந்திருந்தது. அதுதான் இன்னும் ஆபத்து என்று அவருக்குத் தெரியும்.

ஏறினார். பாதிப் படியில் மூச்சு வாங்கியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எந்தப் படியில்? பிஸ்டன் உட்கார்ந்த அதே படி!

சத்தம் கேட்டு இசக்கியும் கார்த்திக்கும் வெளியே வந்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே இவர் எல்லாவற்றையும் சொன்னார். நான் கீழே நின்று கேட்டேன். பையன்கள் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன். இசக்கி இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான்:

"அங்கிள், செல்வம்தான் போடுதான்னு நாங்க நினைச்சோம். எடை பார்த்த அன்னையில இருந்து அவன்கூட நாங்க ரெண்டு பேரும் பேசல. நேத்து அவன் வேற ரூம் பாக்கப் போயிட்டு வந்திருக்கான்."

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை. நாயின் காலை அமுக்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தானே, அவன்! பேசாதவன் மேல்தானே சந்தேகம் முதலில் விழும்?

அன்றைக்கு செல்வத்துக்கு ஏ ஷிஃப்ட். சாயங்காலம் கம்பெனி பஸ் வரும்போது தெருமுனையில் மூன்று பேர் நின்றார்கள். இசக்கி, பி ஷிஃப்ட்டுக்கு லீவு போட்டுவிட்ட கார்த்திக், என் வீட்டுக்காரர். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. நான்கு பேரும் சேர்ந்துதான் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். செல்வம் பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். வேறு ரூம் பேச்சு அதற்கப்புறம் வரவில்லை.

பிறகு எடை இறங்கியது. மெதுவாகத்தான். நாய் உயரமாகிக்கொண்டே போக, கிலோ குறைந்துகொண்டே வந்தது. இப்போது முப்பத்தொன்று. போன வாரம் டாக்டரம்மா பிஸ்டனின் மூட்டை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே மெதுவா படி ஏறலாம்" என்றார்.

மறுநாள்தான் தனசேகர் வந்து உச்சுக் கொட்டினார். பாவம் என்றார். இப்போது சொல்லுங்கள், எனக்குக் கோபம் வருமா, வராதா?

கத்தி முடித்துவிட்டு, "இங்க வாங்க, கையை வைங்க" என்றேன். பயந்துகொண்டே நாயின் விலாவில் கையை வைத்தார். "எலும்பு தட்டுதேமா..."

"தட்டணும்!"

அந்த நேரம் தெருமுனையில் கம்பெனி பஸ் நின்றது. செல்வம் இறங்கி வந்தான். பிஸ்டன் எழுந்தது. தட்டைத் தேடவில்லை. அவன் பின்னாலேயே போய் மாடிப்படியில் காலை வைத்தது. ஒவ்வொரு படியாக ஏறியது. அந்தப் பழைய படி வந்ததும் என் மூச்சே நின்றுவிட்டது. அது நிற்கவில்லை. மேலே போய், திரும்பிப் பார்த்து ஒரு தடவை குரைத்தது. தனசேகர் காலி கேனைத் தூக்கிக்கொண்டு போனார்.

எங்கள் போர்டிகோ கம்பியில் இப்போது இரண்டு டப்பாக்கள் தொங்குகின்றன. நீலம் பிஸ்டனுக்கு. சிவப்பில் இருப்பது என் வீட்டுக்காரரின் ஒரு நாள் பிஸ்கெட். தினமும் காலையில் அதை எண்ணிப் போடுகிறவன் செல்வம்.

யாராவது இவரைப் பார்த்துப் 'பாவம்' என்று சொல்லித்தான் பாருங்களேன்!